காட்டுக்குப் போலி மாத்திரை கிடையாது

காட்டுக்குள் நடந்தால் மனசுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வரியிலேயே "மரங்கள் விடும் வாசனை புற்றுநோய் செல்களைக் கொல்கிறது, ஜப்பான்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள்" என்று வரும்போது கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். யார் நிரூபித்தார்கள், எத்தனை பேரை வைத்து, எதோடு ஒப்பிட்டு? இந்த மூன்றாவது கேள்வி இருக்கிறதே, வன சிகிச்சை பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கிறவர்கள் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். ஒரு மாத்திரையைச் சோதிக்கிறவர்களுக்கு வசதி உண்டு. அதே நிறம், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை ஒன்றைச் செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம், யாருக்கு எது போனது என்று யாருக்கும் தெரியாது. காட்டுக்கு அப்படி ஒன்றை எங்கே போய்ச் செய்வது? காட்டுக்குள் நிற்கிறவனுக்குத் தான் காட்டில் நிற்பது தெரியும். இந்தத் துறையின் நாற்பது வருடத் தலைவலி இதுதான், நல்ல யோசனைகள் பலவும் இதைச் சமாளிக்கப் போய்த்தான் பிறந்திருக்கின்றன.

கதை 1982இல் தொடங்குகிறது. ஜப்பானின் வனத்துறைத் தலைவராக இருந்த டொமொஹிதே அகியாமா 'ஷின்ரின் யோகு' என்ற பெயரை அந்த வருடம் அறிமுகப்படுத்தினார். தமிழில் வனக் குளியல் என்கிறோம். நாகானோ மாநிலத்தில் அகசாவா என்ற இடத்தில், ஹினோகி என்கிற உயரமான சைப்ரஸ் மரங்கள் நிறைந்த பழைய காட்டில்தான் இதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. கவனியுங்கள், பெயர் முதலில் வந்தது, ஆதாரம் பின்னால்தான் வந்தது. வேலை நெருக்கடியில் நொந்துபோன நகரத்து ஜனங்களைக் காட்டுப் பக்கம் இழுக்க வேண்டும், காடுகளுக்கும் ஒரு புதுப் பயன் காட்ட வேண்டும் என்று ஒரு துறைக்குத் தோன்றிய யோசனை அது. அதில் தப்பில்லை, நல்ல யோசனைதான். ஆனால் ஆராய்ச்சி ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்ட ஒரு பொருளுக்குப் பின்னால் ஓடிவந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு படிக்கிற பல விஷயங்கள் புரியும். 1990இல் யாகுஷிமா தீவில் யோஷிஃபுமி மியாசாகி செய்த சிறிய அளவீட்டிலிருந்துதான் உடலியல் கணக்குகளே தொடங்குகின்றன.

அப்புறம் வந்ததுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் 24 காடுகள் ஆய்வு. 2010இல் வெளியானது. செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம், ரசமாக இருக்கும். ஒவ்வொரு காட்டுக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் என்று கணக்கு, எல்லாம் பல்கலைக்கழக மாணவர்கள், எல்லாரும் ஆண்கள், மொத்தம் 280 பேர். முதல் நாள் ஆறு பேர் காட்டுக்கு, ஆறு பேர் நகரத்துக்கு. மறுநாள் இடம் மாற்றம். காலையில் சாப்பிடுவதற்கு முன்பே எச்சில் எடுத்துவிடுவார்கள், மன நெருக்கடியில் உடம்பு அதிகம் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனைப் பார்ப்பதற்கு. பிறகு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏறக்குறைய கால் மணி நேரம் நடக்கவிட்டு, இன்னொரு கால் மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். நடப்பதற்கு முன்னும் பின்னும், உட்காருவதற்கு முன்னும் பின்னும் மறுபடி எச்சில், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாடு. முடிவு: காட்டில் கார்டிசால் குறைவு, துடிப்பு குறைவு, அழுத்தம் குறைவு, உடம்பை ஓய்வுக்குக் கொண்டுபோகும் நரம்பு மண்டலத்தின் வேலை அதிகம்.

நல்ல ஆய்வு. ஒரே ஆளை இரண்டு இடத்திலும் அளந்திருக்கிறார்கள் என்பதால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் கணக்கைக் குழப்பாது. ஒரே காட்டோடு நிறுத்தாமல் 24 இடத்தில் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள், அதுவும் பெரிய விஷயம். ஆனால் நம் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம், எதோடு ஒப்பிட்டார்கள்? நகரத்தோடு. வாகனமும் கூட்டமும் இரைச்சலும் உள்ள ஓர் இடத்தில் ஒருவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து அளந்தால், காட்டின் நன்மையை அளக்கிறோமா, தெருவின் தொல்லையை அளக்கிறோமா? அமைதியான நூலகம், ஆளில்லாத கடற்கரை, ஏன், சொந்த வீட்டு நாற்காலி, இவற்றோடு ஒப்பிட்டிருந்தால் இதே இடைவெளி கிடைத்திருக்குமா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. சொல்வதாக அவர்களும் கூறவில்லை. பிறகு எழுதியவர்கள்தான் கூறிக்கொண்டார்கள்.

2019இல் இத்தாலியர்கள் இந்தக் கார்டிசால் ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கொட்டி அலசியபோது ஒன்று தட்டுப்பட்டது. காட்டுக்குப் போகும் குழுவுக்குக் கார்டிசால் நடைக்குப் பிறகு மட்டும் குறைவாக இல்லை, நடை தொடங்குவதற்கு முன்பே குறைவாக இருந்திருக்கிறது! காட்டுக்குப் போகப்போகிறோம் என்ற நினைப்பே கொஞ்சம் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதைப் பார்த்து "அப்போ எல்லாம் வெறும் நம்பிக்கைதான்" என்று கையை உதறுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்பார்ப்பே உடம்பைத் தளர்த்துகிறது என்றால் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதானே. ஆனால் அந்தப் பங்கைப் பைன் மரத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

சரி, வாசனைக்கு வருவோம். தாவரங்கள் கிருமிகளையும் பூச்சிகளையும் தள்ளிவைக்க வெளிவிடும் ஆவியாகும் பொருள்களுக்கு ஃபைட்டன்சைடு என்று 1920களின் இறுதியில் பெயர் வைத்தவர் சோவியத் உயிரியலாளர் போரிஸ் டோக்கின். ஆல்ஃபா பினீன், லிமோனீன் மாதிரியானவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. டோக்கியோவைச் சேர்ந்த மருத்துவர் சிங் லி இதை எடுத்துக்கொண்டு நோய் எதிர்ப்பு பக்கம் போனார். பன்னிரண்டு ஆண் ஊழியர்களை மூன்று நாள், இரண்டு இரவு காட்டுப் பகுதிக்கு அழைத்துப்போய், முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பார்த்ததில், வைரஸ் தாக்கிய செல்களையும் புற்றாக மாறிய செல்களையும் அழிக்கிற 'இயற்கைக் கொல்லி' வெள்ளையணுக்களின் செயல்பாடு கூடியிருந்தது. நகரச் சுற்றுலா போனால் இப்படிக் கூடுகிறதா என்றும் பார்த்தார், கூடவில்லை. காட்டுப் பயணத்தின் பலன் ஏழு நாளைக்கு மேலும் நீடித்தது, ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதுகூட முழுக்க வடியவில்லை என்றார்.

அவருடைய அடுத்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. காட்டையே விட்டுவிட்டார். பன்னிரண்டு ஆண்களை நகரத்து ஹோட்டல் அறைகளில் மூன்று இரவு தங்கவைத்து, ஈரப்பதக் கருவியில் ஹினோகி மர எண்ணெயை ஊற்றி இரவெல்லாம் ஆவியாக விட்டார். மரம் இல்லை, பறவை இல்லை, நடை இல்லை, வாசனை மட்டும். இயற்கைக் கொல்லி செல்களின் செயல்பாடு அங்கேயும் உயர்ந்தது. காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிக்கும் யோசனை இருக்கிறதே, அதுதான் இந்தத் துறையின் கெட்டிக்காரத்தனம் என்பேன். ஆனால் பன்னிரண்டு பேர். அதே பன்னிரண்டு என்ற எண் மறுபடி மறுபடி வருகிறது. ஹினோகி வாசனையை அறைக்குள் நுழைந்ததும் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால் யாருக்கு எது போனது என்பதை இங்கேயும் மறைத்துவிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தத்தில் ஒரு செல்லின் சுறுசுறுப்பு சில நாளைக்குக் கூடுவதற்கும், ஒரு மனிதருக்குப் புற்றுநோய் வராமல் இருப்பதற்கும் நடுவே இருபது முப்பது வருட ஆராய்ச்சி கிடக்கிறது. அந்தத் தூரத்தை ஒரே தாவலில் தாண்டித்தான் கைப்பேசிக்கு வரும் அந்தச் செய்திகளெல்லாம் எழுதப்படுகின்றன. இந்தத் துறையிலேயே அதிகம் பரவியிருக்கும் கூற்று எதுவோ, ஆதாரத்தில் அதுதான் மெலிந்தது என்பது என் கணிப்பு.

ஒப்பீடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் பழைய ஓர் ஆய்வு உதாரணம். 1984இல் ரோஜர் உல்ரிச் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்தார். சில அறைகளின் ஜன்னல் மரங்களைப் பார்த்தபடி, சிலவற்றின் ஜன்னல் செங்கல் சுவரைப் பார்த்தபடி. மற்றபடி ஒரே மாதிரி அறைகள். வயது, பாலினம், புகைப்பழக்கம் எல்லாம் பொருந்துகிற மாதிரி 23 ஜோடிகளைப் பொறுக்கி ஒப்பிட்டால், மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாளில். கடுமையான வலி மருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டிருக்கிறது. மரங்களில் இலை இருக்கும் மாதங்களின் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பதைக் கவனித்தீர்களென்றால் அந்த ஆளின் நிதானம் தெரியும். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்று நோயாளிகளுக்கும் தெரியாது, செவிலியர்களுக்கும் தெரியாது. 46 பேர்தான், ஒரே மருத்துவமனைதான், இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனால் எதிர்பார்ப்பு என்ற பேயை இதைவிடச் சுலபமாக ஓட்டியவர்கள் குறைவு.

மூளைப் பக்கம் போனால் கொஞ்சம் உறுதியான தரை கிடைக்கிறது. 2015இல் ஸ்டான்ஃபோர்டில் கிரகரி பிராட்மன் குழு 38 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மரங்களும் புல்வெளியும் உள்ள இடத்திலும், மறு பாதியைப் போக்குவரத்து மிகுந்த பெருஞ்சாலை ஓரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டது. அவர்கள் தேடியது சந்தோஷத்தை இல்லை. ஒரே கவலையைத் திருப்பித் திருப்பி மனசுக்குள் அரைத்துக்கொண்டிருப்போமே, யாரோ சொன்ன ஒரு சொல்லை இரவு படுத்த பிறகும் உருட்டிக்கொண்டு, நாம் பதிலுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வசனம் எழுதிக்கொண்டு, அந்த அசைபோடலை. மனச்சோர்வு வருவதற்கும் திரும்ப வருவதற்கும் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மரங்களுக்கு நடுவே நடந்தவர்கள் அது குறைந்ததாகச் சொன்னார்கள். அந்த அசைபோடலோடு தொடர்புடைய, நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் மூளைப் பகுதியின் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தது. சாலையோரம் நடந்தவர்களுக்கு இரண்டும் அப்படியே இருந்தன.

2022இல் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் 63 பேரை ஒரு மணி நேர நடைக்கு அனுப்பினார்கள், சிலரைக் குருநேவால்ட் காட்டுக்கு, மற்றவர்களைக் கடைகள் நிறைந்த பரபரப்பான தெருவுக்கு. நடைக்கு முன்னும் பின்னும் மூளை ஸ்கேன். பயத்தையும் ஆபத்தையும் கவனிக்கும் அமிக்டலாவின் செயல்பாடு காட்டுக்குப் போனவர்களுக்குக் குறைந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. தெருவுக்குப் போனவர்களுக்கு அது கூடவில்லை, இருந்தபடியே இருந்தது. அதாவது ஒரு மணி நேரத் தெரு நடை புதிதாக எதையும் கெடுக்கவில்லை, காடுதான் எதையோ இறக்கிவைத்திருக்கிறது. ஜப்பானிய ஆய்வைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு இதுவரை கிடைத்ததில் நேரான பதில் இதுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ரேச்சல், ஸ்டீஃபன் கப்லான் என்ற தம்பதி 1980களிலேயே ஒரு விளக்கம் வைத்தார்கள். ஒரு வேலையில் மனதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்போது நாம் செலவழிக்கும் கவனம் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஓடும் நீர், ஆடும் கிளை, மேகம் போன்றவை அந்தக் கவனத்தைக் கேட்பதில்லை, அவையாகவே மெல்ல இழுத்துக்கொள்கின்றன, அந்த நேரத்தில் களைத்துப்போன கவனம் ஊறிக்கொள்கிறது. படிக்கும்போது கொஞ்சம் கவிதையாகத்தான் தோன்றும். வழிகாட்டி ஒருவர் நடத்திய வன நடைக்கு ஒருமுறை போயிருந்தேன், அங்கே ஆளுக்கு ஓர் இலையைக் காட்டி, பறிக்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். முதல் இரண்டு நிமிடம் எரிச்சல்தான், இதற்குத்தானா வந்தோம் என்று. அப்புறம்தான் இலையின் மேல் வெள்ளைக் கிறுக்கல் மாதிரி ஒரு கோடு வளைந்து வளைந்து போவது தெரிந்தது. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு புழு தின்றுகொண்டே போன சுரங்கம். ஆரம்பத்தில் நூல் மாதிரி மெல்லிசு, போகப் போகப் புழு பெருத்ததால் பாதையும் அகலம், நடு நரம்பு வந்ததும் தாண்ட முடியாமல் திரும்பியிருக்கிறது, கடைசியில் ஒரு சின்ன ஓட்டை, வெளியேறிவிட்டது. ஒரு பிராணியின் குழந்தைப்பருவம் முழுக்க அந்த இலையில் வரைந்து கிடந்தது. பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று அவர் சொன்னபோது பாதிப் பேர் நிமிரவேயில்லை. கப்லான்கள் சொன்னது இதைத்தான் என்று அப்போது பட்டது, அது நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும்.

நிரூபணத்துக்குப் பக்கத்தில் வந்தது 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன் செய்த சோதனை. எண்களைக் கேட்டுவிட்டுப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மரத்தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தவர்கள் அதைக் கூடுதலாகச் சொன்னார்கள், நகர மையத்தில் நடந்து வந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. சிலர் நடந்தது கடும் குளிர்காலத்தில், அவர்கள் நடையை ரசிக்கவேயில்லை, அப்படியும் பலன் இருந்தது. இது ஒரு முக்கியமான முடிச்சு. சந்தோஷமாக இருந்ததால்தான் நன்றாகச் செய்தார்கள் என்ற வாதத்தை அது அவிழ்த்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் என்று எல்லாரும் கேட்பார்கள். வாரத்துக்கு 120 நிமிடம் என்கிற கணக்கு, இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் நடந்த கருத்துக்கணிப்பை வைத்து 2019இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. முந்தைய ஏழு நாளில் இயற்கைச் சூழலில் இரண்டு மணி நேரமாவது கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிடத் தாங்கள் ஆரோக்கியமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம். ஒரே மூச்சில் போனாலும் சரி, பிரித்துப் போனாலும் சரி, பலன் ஒன்றே. ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள்? ஆய்வாளர்கள் நோய் உள்ளவர்களைத் தனியாகவும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவர்களிடமும் இதே போக்குத்தான் என்றாலும், ஒரு கருத்துக்கணிப்பால் காரணத்தைச் சொல்ல முடியாது. அதே வருடம் மேரிகரோல் ஹன்டர் 36 நகரவாசிகளை எட்டு வாரம் தொடர்ந்தார். எங்கே, எப்போது என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளலாம், கைப்பேசி கூடாது, படிக்கக் கூடாது, ஓட்டப்பயிற்சி கூடாது. கார்டிசால் வேகமாக இறங்கியது 20இலிருந்து 30 நிமிடத்துக்குள். ஆய்வுக்கூட ஒழுங்கைவிட நிஜ வாழ்க்கையின் ஒழுங்கீனத்துக்குள் அளந்ததால் எனக்கு இந்த ஆய்வின் மேல் ஒரு பிரியம்.

இனி மண்ணுக்கு வருவோம், போலி மாத்திரைக் கதை இங்கேதான் திரும்புகிறது. நாம் நுண்ணுயிர்களோடு சேர்ந்தே வளர்ந்த இனம், அவற்றின் பழக்கம் அறுந்துபோனதால்தான் நகரங்களில் ஒவ்வாமையும் தன் உடம்பையே தாக்கும் நோய்களும் கூடுகின்றன என்று ஒரு கருதுகோள் உண்டு. ஃபின்லாந்துக்காரர்கள் 2020இல் குழந்தைகள் காப்பகங்களின் சரளை முற்றத்தில் காட்டின் தரையையே பெயர்த்துக் கொண்டுவந்து பரப்பினார்கள், பாசி, புல், குட்டைச் செடிகள் எல்லாம் சேர்த்து. மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் 28 நாள் அதில் புரண்டு விளையாடினார்கள். தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் கூடின, நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கட்டுக்குள் வைக்கும் அறிகுறிகளும் இரத்தத்தில் மாறின. இதற்கும் அதே ஆட்சேபம் வரலாம், பச்சையைப் பார்த்த மகிழ்ச்சியோ என்னவோ என்று. 2022இல் அதற்கும் வழி செய்துவிட்டார்கள். இரண்டு வகை மணல் தொட்டி. ஒன்றில் நுண்ணுயிர் நிறைந்த மண் கலந்த மணல். மற்றொன்றில் பார்வைக்கு அதே மாதிரி இருக்க நிறமேற்றிய, நுண்ணுயிர் குறைந்த மணல். எது எது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது. இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. காடு முழுவதற்கும் போலி செய்ய முடியாது, ஆனால் ஒரு பிடி காட்டு மண்ணுக்குச் செய்யலாம் என்று காட்டிவிட்டார்கள். சின்ன ஆய்வுதான். இருந்தாலும் இந்தத் துறை அடுத்து போக வேண்டிய திசை இதுதான் என்று நினைக்கிறேன்.

மற்ற துண்டுகளையும் இப்படித் தனியே எடுத்துப் பார்க்கிறார்கள். ஒலியை எடுத்துக்கொண்டால், ஜெர்மனியில் 295 பேருக்கு இணையம் வழியாக ஆறு நிமிடம் பறவை ஒலியோ வாகன இரைச்சலோ கேட்க வைத்ததில், பறவை ஒலி பதற்றத்தையும் பிறரைச் சந்தேகிக்கும் மனநிலையையும் குறைத்தது. மெய்நிகர் கண்ணாடியில் காட்டைக் காட்டும் ஆய்வுகளும் குவிகின்றன. மனநிலை கொஞ்சம் தேறுகிறது என்கிறார்கள், படுக்கையை விட்டு நகர முடியாதவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும். நகர முடிந்தவர்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

எந்தக் காடு என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உயிரினங்கள் பல்கிக் கிடக்கும் இடம்தான் மனசுக்கு அதிக நலம் தரும் என்று நம்ப எல்லாருக்கும் ஆசை, எனக்கும்தான். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் ஆற்றோரப் பசுமை இடங்களில் பறவை, பட்டாம்பூச்சி, தாவர வகைகளை நிபுணர்கள் எண்ணினார்கள், அங்கே வருகிற ஜனங்களிடமும் எத்தனை வகை இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 2012இல் வந்த முடிவின்படி, மன நலம் உண்மையான எண்ணிக்கையோடு சீராக ஒத்துப்போகவில்லை, நிறைய இருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்ட எண்ணிக்கையோடுதான் ஒத்துப்போனது. நினைத்துக்கொண்டதோ பெரும்பாலும் தப்பு! காட்டைக் காப்பாற்ற மனநலத்தைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு இது சங்கடமான செய்தி. ஒரே மரத்தை வரிசையாக நட்ட தோட்டமே போதும் என்று நாளைக்கு யாராவது கிளம்பிவிடலாம். காட்டைக் காப்பதற்குக் காட்டின் சொந்தக் காரணங்களே போதும், நம் தூக்கத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் மரமா புல்லா என்றால் மரம்தான். ஆஸ்திரேலியாவின் மூன்று நகரங்களில் 46,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த 2019 ஆய்வில், வீட்டைச் சுற்றி 30 சதவீதமாவது மர நிழல் உள்ளவர்களுக்கு மன உளைச்சல் வரும் வாய்ப்பு, மரம் மிகக் குறைந்த இடத்தில் இருப்பவர்களைவிட 31 சதவீதம் குறைவு. வெறும் புல்வெளிக்கு அந்தப் பலன் இல்லை.

மரம் நடுவதால் என்ன ஆகிறது என்று பார்ப்பது கஷ்டம், நடுகிற இடமெல்லாம் ஏற்கெனவே வசதியான இடமாக இருக்கும். மரம் செத்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாமே. அமெரிக்காவில் மரகதச் சாம்பல்மரத் துளைப்பான் என்கிற பச்சை வண்டு பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்று பார்க்காமல் ஆஷ் எனப்படும் சாம்பல் மரங்களை கோடிக்கணக்கில் தின்று தீர்த்தது. ஜெஃப்ரி டோனவன் குழு 2013இல் வெளியிட்ட கணக்குப்படி, வண்டு பரவிய பதினைந்து மாநிலங்களில் கூடுதலாக இதய நோய்களால் 15,080 பேரும் சுவாச நோய்களால் 6,113 பேரும் இறந்திருக்கிறார்கள். வண்டுக்கு ஆராய்ச்சி விதிமுறை எதுவும் தெரியாது, ஆனால் மனிதர்களால் செய்ய முடியாத ஒரு சோதனையை அது செய்துவிட்டுப் போயிருக்கிறது.

ஆரோக்கியமான மாணவர்களை விட்டுவிட்டு நோயாளிகளிடம் போவதுதான் இப்போதைய பெரிய நகர்வு, இதில் தென் கொரியா முன்னால் நிற்கிறது. அங்கே 2009இல் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒரே வகை உளவியல் சிகிச்சையை ஒரு குழுவுக்கு மருத்துவமனையிலும், இன்னொரு குழுவுக்குச் சியோலில் உள்ள மரத்தோட்டத்திலும் கொடுத்தார்கள். காட்டில் சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் முழுதாகத் தணிந்தது அதிகம். காடா, மருந்தா என்று இல்லாமல் அதே சிகிச்சை எங்கே நடந்தால் நல்லது என்று கேட்டார்கள், அதனால்தான் இந்த ஒப்பீடு எனக்குப் பிடிக்கிறது. சீனாவின் ஹாங்சோவில் இரத்த அழுத்தம் உள்ள முதியவர்கள் 24 பேரைப் பாதிப் பாதியாகக் காட்டுக்கும் நகரத்துக்கும் ஏழு நாள் அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள், காட்டில் இருந்தவர்களுக்கு அழுத்தம் குறைந்தது. வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை நாள் அப்படியே இருந்தது என்பதுதான் நோயாளிக்கு வேண்டிய பதில், ஒரு வார ஆய்வில் அது கிடைக்காது.

அரசுகள் காத்திருக்கவில்லை. கொரியாவில் 2015இல் வன நலனுக்கென்றே சட்டம் வந்தது, பயிற்சி பெற்ற வன சிகிச்சை வழிகாட்டிகள் இருக்கிறார்கள், கருவுற்ற தாய்மார்களுக்கான நிகழ்ச்சியில் தொடங்கி இறந்தவர் சாம்பலை மரத்தடியில் வைப்பதுவரை ஒரே திட்டத்துக்குள் வருகிறது. கனடாவில் 2020இலிருந்து மருத்துவர்கள் இயற்கைச் சூழலில் நேரம் கழிக்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறார்கள். சீட்டு எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சொன்னால் கேட்காதவர்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் கேட்பார்கள். மருந்தை நிறுத்திவிட்டு மரத்தடிக்குப் போ என்று சொல்லாதவரை சரிதான்.

இந்த ஆராய்ச்சிகளில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். காடு என்றாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், மகரந்தம் பட்டாலே மூச்சு திணறுகிறவர்கள். ஆய்வுக்கு விருப்பத்தோடு பெயர் கொடுக்கிறவர்களில் இவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள், அதனால் கிடைக்கும் சராசரி ஏற்கெனவே காட்டை நேசிப்பவர்களின் சராசரி. காட்டுக்குள்ளேயே வாழ்கிறவர்களை, மரம் வெட்டிப் பிழைப்பவர்களை யாரும் எச்சில் கேட்டுப் போனதாகவும் தெரியவில்லை. நாள் முழுக்கக் கோடரி பிடித்தவனுக்கும் அந்தக் கால் மணி நேரம் நாடியைக் குறைக்குமா? அவனை நகரத்துக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடக்கவிட்டால் அமிக்டலா என்ன சொல்லும்? பெர்லின்காரர்கள் அந்த ஸ்கேனரை ஒருமுறை அவன் பக்கம் திருப்பினால் நான் வரிசையில் நின்று வாங்கிப் படிப்பேன்.